நிலவுப் பயண மாதிரியுருக் காட்சி: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை மண்டபத்தில், சந்திரனுக்கு மனிதர் போன பயணங்களைப் பற்றிய காட்சி ஒன்றை வார இறுதிகளில் நடத்திவருகிறோம். ரொக்கெட், இறங்குகலம், விண்ணுடை, கணினி, கற்கள் என்று மேசை மேசையாக வைத்திருக்கிறோம். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை நான். அந்த மேசைகளுக்கு அருகில் நின்று விளக்கம் சொல்கிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் பெரியவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே ஐயங்கள். கூட்ட நேரத்தில் எல்லோருக்கும் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

இங்கே இருப்பவை எல்லாம் உண்மையாகவே சந்திரனுக்குப் போய் வந்தவையா?

இல்லை, ஒன்றுகூட இல்லை. சில பொருள்கள் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொகுதிகளைப் பொருத்திச் செய்தவை. மற்றவை மாணவர்கள் மட்டையாலும் கம்பியாலும் துணியாலும் செய்தவை. எது எதன் மாதிரியுரு, என்ன அளவில் செய்யப்பட்டது என்பதை ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கிறோம். பார்ப்பவரை ஏமாற்றும் காட்சியை வைப்பதை விட வைக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மனிதரை முதன்முதலாகச் சந்திரனில் இறக்கிய அப்பலோ 11 பயணத்தில், ரொக்கெட்டின் முதல் இரண்டு அடுக்குகளும் அத்திலாந்திக் கடலில் விழுந்தன. மூன்றாவது அடுக்கு சூரியனைச் சுற்றும் பாதைக்குப் போய்விட்டது. இறங்குகலத்தின் கீழ்ப்பாதி சந்திரனிலேயே நிற்கிறது. மேற்பாதி சந்திரனின் சுற்றுப்பாதையில் கைவிடப்பட்டது. பூமிக்கு முழுதாகத் திரும்பியது கொலம்பியா என்ற தாய்க்கலம் மட்டும்தான். அது வாஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி நூதனசாலையில் இருக்கிறது. அந்தப் பயணத்தின் கலங்களை ஒன்றுசேர்த்துக் காட்ட உலகின் எந்த நூதனசாலையாலும் முடியாது. முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மாதிரியுருதான் வழி.

அப்பலோ 11 என்றால் என்ன? அதற்கு முன்னும் பின்னும் வேறு யாரும் போகவில்லையா?

மனிதர் முதன்முதலாகச் சந்திரனில் இறங்கிய பயணம் அது. நீல் ஆம்ஸ்ட்ரோங், பஸ் ஓல்ட்ரின், மைக்கேல் கொலின்ஸ் ஆகிய மூவரும் 1969 ஜூலை 16 அன்று புளோரிடாவிலிருந்து புறப்பட்டார்கள். முதல் இருவரும் இறங்கி நடந்தார்கள். கொலின்ஸ் தனியாகத் தாய்க்கலத்தில் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜூலை 24 அன்று மூவரும் பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள்.

அதன் பிறகு அப்பலோ 12, 14, 15, 16, 17 ஆகியவையும் இறங்கின. 1972 டிசம்பர் வரை நடந்தவர்கள் மொத்தம் 12 பேர். அப்பலோ 13 இன் ஒக்சிசன் தாங்கி வழியில் வெடித்ததால் அந்த மூவரும் இறங்காமலே உயிர் தப்பித் திரும்பினார்கள். ஆளில்லாத கலங்களில் சோவியத் ஒன்றியம் முந்திக்கொண்டது. லூனா 2 சந்திரனில் மோதியது 1959 இல். லூனா 9 உடையாமல் இறங்கியது 1966 இல்.

ரொக்கெட் இவ்வளவு சிறியதா? உண்மையான உயரம் என்ன?

சாட்டர்ன் 5 என்ற அந்த ரொக்கெட்டின் உயரம் ஏறத்தாழ 110 மீற்றர். கோட்டையில் நிற்கும் உலக வர்த்தக மையக் கோபுரம் 152 மீற்றர் என்பதால் அளவு உங்களுக்குப் புரியும். மேசையில் இருப்பது 144 இல் ஒரு பங்கு அளவில் செய்தது. 77 சென்ரிமீற்றர் வரும். அதே அளவில் கணக்கிட்டால் சந்திரன் இந்த மண்டபத்திலிருந்து 2,660 கிலோமீற்றருக்கும் அப்பால், டெல்லியையும் தாண்டி இருக்க வேண்டும். அதன் குறுக்களவு 24 கிலோமீற்றர் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னவுடன் அந்தச் சிறிய ரொக்கெட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

மூன்று மனிதர்கள் இருந்தது உச்சியில் உள்ள சிறு கூம்புக்குள். மற்ற எல்லாம் எரிபொருளும் எஞ்சின்களும் இறங்குகலமும்தான். அடியில் உள்ள ஐந்து எஞ்சின்களும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளையும் திரவ ஒக்சிசனையும் எரித்து, சுமார் இரண்டரை நிமிடத்தில் முதல் அடுக்கைக் காலிசெய்துவிடும்.

டீச்சர், இறங்குகலம் ஏன் தங்கத் தாள் சுற்றிய பெட்டி போல இருக்கிறது? மாணவர்கள் சரியாகச் செய்யவில்லையா?

மிகச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அந்தக் கலம் காற்றே இல்லாத வெளியில் மட்டும் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. காற்றைக் கிழித்துப் போக வேண்டிய தேவை இல்லாதபோது வழவழப்பான வளைவுகள் எதற்கு? எடையைக் குறைப்பதுதான் முக்கியமாக இருந்தது. அதற்காக இருக்கைகளையே நீக்கிவிட்டார்கள். வீரர்கள் நின்றபடியேதான் கலத்தை இறக்கினார்கள். சில இடங்களில் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு.

தங்கமாகத் தெரிவது தங்கம் அல்ல. கப்டன் என்ற மஞ்சட்பழுப்பு நிறப் பிளாஸ்டிக் படலத்தின் உட்புறத்தில் அலுமினியம் பூசியிருந்தார்கள். வெயிலின் சூட்டையும் நிழலின் கடுங்குளிரையும் தடுப்பது அதன் வேலை.

இந்த விண்ணுடையை யார் தைத்தார்கள்? கையாலா, மெஷினாலா?

கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தங்கை இதைக் கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பலர் இந்த உடையை ஏதோ இயந்திரம் வார்த்தெடுத்தது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தைத்தவர்கள் தையற்காரப் பெண்கள். டெலவெயர் மாநிலத்தின் டோவர் நகரில் இருந்த ஐ.எல்.சி. என்ற நிறுவனத்தில் அவர்கள் வேலை செய்தார்கள். பெண்களின் உள்ளாடைகள் செய்து பெயர்பெற்ற நிறுவனம் அது. சாதாரணத் தையல் மெஷின்களை மாற்றியமைத்துப் பயன்படுத்தினார்கள்.

உடையில் 21 படைகள் இருந்தன. தையல் அங்குலத்தின் 64 இல் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது; அதாவது 0.4 மில்லிமீற்றர். குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிட்டால் காற்றடைத்த படையைத் துளைத்துவிடும் என்பதால், உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வெற்றிடத்தில் ஒரு மனிதனின் உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருந்தது அந்தப் பெண்களின் தையல்தான். தொழிற்சாலையில் நாள் முழுவதும் மெஷினில் குனிந்திருப்பவர்கள் இந்த மேசை அருகில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். அவர்களுக்கு இதை நான் விரிவாகச் சொல்வதற்கு அதுவே காரணம்.

அசல் உடை ஒன்றைக் கடனாகவாவது வாங்கிவந்து கொழும்பில் வைக்க முடியாதா?

இப்படியான மண்டபத்தில் வைக்க முடியாது. உடையின் மூட்டுகளில் உள்ள இறப்பர் ஆண்டுதோறும் கெட்டியாகி உடைந்துவருகிறது. அதனால் அசல் உடைகளைக் குளிர்ந்த, ஈரப்பதன் குறைந்த அறையில், வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தி வைக்கிறார்கள். கொழும்பின் கடற்காற்றும் புழுக்கமும் அவற்றுக்கு ஆகாது. ஆம்ஸ்ட்ரோங்கின் உடையைப் பல ஆண்டுகள் பார்வையிலிருந்து எடுத்து வைத்திருந்துவிட்டு, 2019 இல்தான் வாஷிங்டனில் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள்.

இன்னொன்று: புகழ்பெற்ற அந்தக் காலடித் தடத்தைப் பதித்த மேற்சப்பாத்துகள் திரும்பி வரவில்லை. கற்களைக் கொண்டுவர எடையைக் குறைக்க வேண்டியிருந்ததால், அவற்றையும் முதுகுப்பைகளையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தக் கணினியை விட என் கைத்தொலைபேசி வேகமானது என்கிறார்களே, உண்மையா?

வேகமும் நினைவகமும் பற்றிக் கேட்டால் ஆம், ஒப்பிடவே முடியாத அளவு. அப்பலோ கணினியின் அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள் (சொல் என்பது இங்கே கணினி ஒரே தடவையில் கையாளும் 0, 1 களின் தொகுதி); நிலையான நினைவகம் 36,864 சொற்கள். அந்த நிலையான நினைவகம் கையால் கோக்கப்பட்டது. கம்பி ஒரு சிறு காந்த வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. மசசூசெற்ஸில் தொழிற்சாலைப் பெண்கள் ஊசியால் கம்பியைக் கோத்து நிரலையே நெய்தார்கள். மேசையில் இருக்கும் சட்டத்தில் எங்கள் மாணவிகள் சில எழுத்துகளை அதே முறையில் கோத்திருக்கிறார்கள்.

ஆனால் வேகத்தை மட்டும் வைத்து அதை எடைபோடாதீர்கள். இறங்கும்போது அந்தக் கணினிக்கு வேலைச்சுமை மிஞ்சி, 1202 என்ற எச்சரிக்கை எழுந்தது. கணினி நின்றுவிடவில்லை. அவசியமில்லாத வேலைகளை விட்டுவிட்டு, இறக்கும் வேலையைத் தொடர்ந்தது. மார்கரெட் ஹமில்டன் தலைமையில் நிரல் எழுதிய குழு அப்படி நடக்கும்படி முன்னரே திட்டமிட்டிருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது நிலாக் கல்லா? நிலாக் கல் விலைக்குக் கிடைக்குமா?

பெட்டியில் இருப்பது பூமியின் பசால்ட், எரிமலைக் குழம்பு இறுகிய கல். சந்திரனில் கரும்புள்ளிகளாகத் தெரியும் பகுதிகளும் இதே வகைக் கல்தான் என்பதால் வைத்திருக்கிறோம். வேறுபாடுகள் உண்டு: அப்பலோ கற்களின் கனிமங்களில் பூமிக் கற்களில் இருப்பது போன்ற நீர்த்தடம் இல்லை, மேற்பரப்பில் நுண் விண்துகள்கள் மோதிய சிறு குழிகள் உண்டு, அப்பலோ 11 கொண்டுவந்த பசால்ட்டின் வயது 350 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

ஆறு பயணங்களும் கொண்டுவந்தவை மொத்தம் 382 கிலோகிராம். அப்பலோ கற்கள் தனியாருக்கு விற்கப்படுவதில்லை. சோவியத் லூனா 16 கொண்டுவந்த துகள்கள் மூன்று மட்டும் 1993 இல் ஏலத்துக்கு வந்து, 2018 இல் மறுபடியும் 8,55,000 டொலருக்குப் போயின. சந்திரனிலிருந்து சிதறித் தானாகவே பூமியில் விழுந்த விண்கற்கள் சட்டப்படி விற்பனையாகின்றன. ஆனால் ஆய்வுகூடச் சான்று இல்லாமல் இணையத்தில் விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். நெதர்லாந்தின் புகழ்பெற்ற ரைக்ஸ் நூதனசாலையே நிலாக் கல் என்று வைத்திருந்த ஒன்று, கல்லாக மாறிய மரம் என்று 2009 இல் தெரியவந்தது. அமெரிக்கா 135 நாடுகளுக்குப் பரிசாகக் கொடுத்த துணுக்குகளிலும் சில திருடுபோயின. ஹொண்டுராஸின் கல் 1998 இல் கள்ளச்சந்தையில் பிடிபட்டது.

அன்றைக்குக் கொழும்பில் யாராவது தொலைக்காட்சியில் பார்த்தார்களா?

பார்த்திருக்க முடியாது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 இல்தான். 1969 இல் வானொலியும் மறுநாள் பத்திரிகையும்தான். கலம் தரையைத் தொட்டபோது இங்கே ஜூலை 21, அதிகாலை 1.47; ஆம்ஸ்ட்ரோங் காலடி வைத்தபோது காலை 8.26. அந்த இரண்டு நேரங்களிலும் கொழும்பு வானில் சந்திரன் இல்லை, முன்னிரவிலேயே மறைந்துவிட்டது. நிலாவைப் பார்த்தபடி செய்தி கேட்டதாக நினைவுகூரும் பெரியவர்கள், அதற்கு முந்திய மாலையிலோ பிந்திய மாலையிலோ பார்த்த வளர்பிறையைச் சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

நிலா பெரிதாக, வெளிச்சமாக இருக்கும் போயா தினத்தில் ஏன் போய் இறங்கவில்லை?

நல்ல கேள்வி, பெரியவர்களும் கேட்கிறார்கள். முழுநிலவு நாளில் சந்திரனின் நடுப்பகுதியில் சூரியன் உச்சியில் நிற்கும். நிழலே இல்லாவிட்டால் பாறை எது, பள்ளம் எது என்று மேலிருந்து பிரித்தறிய முடியாது. சூடும் மிக அதிகம். ஆகவே இறங்கும் இடத்தில் அப்போதுதான் விடிந்து, சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 10 பாகையில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தார்கள். நீளமான நிழல்கள் தரையின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆறு இறக்கங்களும் அந்தந்த இடத்தின் காலை வேளையில்தான் நடந்தன. அப்பலோ 11 இறங்கியபோது பூமியிலிருந்து தெரிந்தது பாதிநிலாவை நெருங்கும் வளர்பிறை.

காலிமுகத்திடலில் நின்று இறங்கிய இடத்தைக் கையால் காட்ட முடியுமா?

முடியும், அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. முழுநிலவில் நாம் சொல்லும் முயலைத் தேடுங்கள். அதன் இரண்டு காதுகளும் சேருமிடத்தில் உள்ள கருமையான வட்டமே தலை. அந்தத் தலைதான் அமைதிக் கடல். அதன் தென்மேற்கு ஓரத்தில் இறங்கினார்கள். கடல் என்பது பழைய பெயர். அங்கே இருப்பது முன் சொன்ன பசால்ட் சமவெளி.

தொலைநோக்கியில் பார்த்தால் கொடியும் கலமும் தெரியுமா?

தெரியாது. சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ஹபிள் தொலைநோக்கியாலும் அங்கே சுமார் 100 மீற்றருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காண முடியாது. இறங்குகலமோ கால்களோடு சேர்த்து 10 மீற்றருக்கும் குறைவு. 2009 முதல் சந்திரனை அருகிலிருந்து சுற்றும் எல்.ஆர்.ஓ. கலம்தான் கீழ்ப்பாதிக் கலங்களையும் வீரர்கள் நடந்த தடங்களையும் படமெடுத்தது. அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

காற்று இல்லாத இடத்தில் கொடி எப்படி அசைந்தது? வானத்தில் ஏன் நட்சத்திரம் இல்லை? கலத்தின் அடியில் ஏன் குழி இல்லை?

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பவர்கள்தான் அதிகம். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்று உண்டு. அப்பலோ 11 இல் அது முழுதாக நீளவில்லை. அதனால் துணி சுருங்கி, அசைவது போலத் தெரிகிறது. கம்பத்தை நடும்போது உண்மையிலேயே அசைந்தது. தடுக்கக் காற்று இல்லாததால் சற்று அதிக நேரமே ஆடியது. நட்சத்திரம் பற்றி: வெயிலில் ஒளிரும் தரையையும் வெள்ளை உடையையும் எடுப்பதற்குக் கமராவின் திறப்பு நேரத்தை மிகக் குறைவாக வைக்க வேண்டும். அந்த நேரத்தில் மங்கலான நட்சத்திரம் பதியாது.

குழிக்கு வருவோம். இறங்கும் கடைசி நேரத்தில் எஞ்சினின் விசையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஈர்ப்பு பூமியின் ஆறில் ஒரு பங்கு என்பதால் அதிக விசை தேவைப்படவும் இல்லை. அகன்ற வாயால் பரவி வெளிவந்த வாயுவின் அழுத்தம், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மேலே இருந்த தூசு பறந்தது. அடியில் இருந்த இறுகிய மண் அப்படியே நின்றது.

எல்லாம் நாசா சொல்வதுதானே? வேறு யாராவது சரிபார்த்தார்களா?

முந்திய கேள்வியை விட இது எவ்வளவோ மேலானது. கேட்கவே வேண்டிய கேள்வி. ஆம், பலர். இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் வானொலித் தொலைநோக்கி அப்பலோ 11 இன் சமிக்ஞையையும், அந்த வீரர்கள் சந்திரனில் இருந்தபோதே அங்கே மோதி அழிந்த சோவியத் லூனா 15 இன் சமிக்ஞையையும் பின்தொடர்ந்தது. போட்டியாளரான சோவியத் ஒன்றியம் இறக்கத்தை ஒருபோதும் மறுக்கவில்லை. 1971 இல் இரு நாடுகளும் தங்கள் சந்திர மண்ணைப் பரிமாறிக்கொண்டன. ஜப்பானின் ககுயா கலம் 2008 இல், அப்பலோ 15 இறங்கிய இடத்தில் எஞ்சின் வாயு தரையை மாற்றியிருந்த அடையாளத்தைக் கண்டது.

எனக்கு மிகப் பிடித்த சான்று மூலை மேசையில் இருக்கிறது. அப்பலோ 11, 14, 15 வீரர்கள் ஒளித்திருப்பிகளை வைத்துவிட்டு வந்தார்கள். எந்தக் கோணத்தில் வந்த ஒளியையும் வந்த திசையிலேயே அனுப்பும் கண்ணாடித் தொகுதிகள் அவை. பிரான்ஸிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் லேசரை அனுப்பி, ஏறத்தாழ இரண்டரை வினாடியில் திரும்புவதை இன்றும் அளக்கிறார்கள். சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது என்பதை அப்படித்தான் அறிந்தோம். சோவியத் லூனகோட் வண்டிகளிலும் இத்தகைய திருப்பிகள் இருப்பதால், ஆள் இல்லாமலும் வைக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. அது சரிதான். அதனால்தான் நான் ஒரு சான்றோடு நிற்காமல் கல், படம், சமிக்ஞை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போனது உண்மையென்றால் 1972 இற்குப் பிறகு ஏன் போகவில்லை?

பணமும் அரசியலும்தான் காரணம். சோவியத்தை முந்துவதே நோக்கமாக இருந்தது, முந்தியாயிற்று. திட்டத்துக்குச் செலவானது அன்றைய மதிப்பில் 2,500 கோடி டொலருக்கும் மேல். அப்பலோ 18, 19, 20 கைவிடப்பட்டன. பறக்காத பாகங்களால் ஆன சாட்டர்ன் 5 ரொக்கெட்டுகளை ஹூஸ்டன், புளோரிடா, ஹன்ட்ஸ்வில் ஆகிய மூன்று இடங்களில் இன்றும் பார்க்கலாம். 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் 1 ஆளில்லாமல் சந்திரனைச் சுற்றிவந்ததோடு புதிய தொடர் ஆரம்பமானது.

இலங்கையர் யாராவது இதில் பங்கெடுத்தார்களா?

ஆம். ஒவ்வொரு பிள்ளையும் இந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும்: சிரில் பொன்னம்பெரும. 1923 இல் காலியில் பிறந்து, கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தவர். லண்டனிலும் கலிபோர்னியாவிலும் உயர்கல்வி கற்று, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் உயிர் தோன்றிய வேதியியலை ஆராய்ந்தார். அப்பலோ கொண்டுவந்த மண்ணில் உயிரின் அடையாளம் உண்டா என்று தேடிய விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. 'இல்லை' என்பதும் ஒரு விடையே. 1969 இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அவரது குழு அமினோ அமிலங்களைக் கண்டறிந்தது. பின்னர் கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். 1994 இல் மறைந்தார்.

சந்திரயான்-3 மாதிரியுரு ஏன் அப்பலோவை விட இவ்வளவு சிறியது?

அதில் ஆளும் இல்லை, திரும்பிவரும் வேலையும் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 இற்கு, இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே கடிகாரம், விக்ரம் கலம் சந்திரனின் தென் அகலாங்கு 69 பாகை அருகில் இறங்கியது. பிரக்யான் வண்டியின் எடை 26 கிலோகிராம். திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனோர்தோசைட் பாறை சந்திரனின் மேட்டுநிலக் கல்லை ஒத்திருப்பதால், சந்திரயான் பரிசோதனைகளுக்கு அதையே தூளாக்கிப் பயன்படுத்தினார்கள்.

பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாமா? டிக்கெட் உண்டா?

டிக்கெட் இல்லை. பச்சை அட்டை வைத்த மேசைகளில் எதையும் தொடலாம். ஒளித்திருப்பியையும் கம்பி கோத்த சட்டத்தையும் தொடத்தான் வேண்டும். காலி வீதியில் 100, 101 பஸ்களில் வரலாம்.

அங்கே விட்டுவந்த கலங்களும் கொடிகளும் யாருக்குச் சொந்தம்? வேறு நாடு போய் எடுத்துவிடலாமா?

1967 இன் விண்வெளி உடன்படிக்கைப்படி சந்திரனின் நிலத்தை எந்த நாடும் தனதென்று உரிமை கோர முடியாது. கொடி நட்டாலும் முடியாது. ஆனால் ஏவப்பட்ட பொருள் ஏவிய நாட்டுக்கே உரியது. இலங்கையும் இந்த உடன்படிக்கையில் இணைந்த நாடு. ஆகவே நிலம் யாருக்கும் சொந்தமில்லை, அதன்மேல் நிற்கும் கலம் அமெரிக்காவுக்குச் சொந்தம்.

சிக்கல் காலடித் தடங்களில் வருகிறது. தடம் பொருள் அல்ல, நிலத்தின் வடிவம். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் உள்ள ஒரு தடத்தை எந்தச் சட்டத்தால் காப்பது? கலிபோர்னியா, நியூ மெக்சிக்கோ மாநிலங்கள் 2010 இல் அங்கே விடப்பட்ட பொருள்களைத் தங்கள் வரலாற்றுப் பட்டியலில் சேர்த்தன. நிலத்தைச் சேர்க்க அவற்றுக்கு அதிகாரம் இல்லை. 2020 இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அது நாசாவோடு சேர்ந்து வேலை செய்வோரை மட்டுமே கட்டுப்படுத்தும். எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை அடுத்த கலங்கள் அருகில் இறங்கிப் புழுதியை வாரி இறைப்பதற்கு முன்னரே செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.